எட்டாம் மாதத்தில் ஒரு நாய்

கீழ்பென்னாத்தூர் பள்ளியில் நான் வேலை பார்த்த பதினெட்டு வருடமும் பெரும்பாலும் ஒரே பஸ்ஸில்தான் போய் வந்தேன். காலை எட்டு மணிக்குத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் தனியார் பஸ் அது. டிரைவர் பெயர் அப்பாதுரை. அவர் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் எனக்கென்றே ஆகிவிட்டிருந்தது. பேச்சு குறைந்த மனிதர். ஹாரன்கூட அளவாகத்தான் அடிப்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பாதி வழியில் ஏரிக்கரை என்று ஒரு ஸ்டாப்பிங். அங்கே ஏற ஆள் இல்லாவிட்டாலும், இறங்க ஆள் இல்லாவிட்டாலும், வண்டியை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். தலை தானாக இடது பக்கம் திரும்பும். புளிய மரத்தடியை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் கியர் மாற்றுவார். சாமி ஏதாவது இருக்கும் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே சாமியும் இல்லை, கல்லும் இல்லை. காரணம் எனக்குத் தெரிய பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

அப்பாதுரை வேங்கிக்காலில் இரண்டு அறை கட்டி, ஷீட் போட்டுக் குடி போனது எண்பத்தொன்பதாம் வருடக் கடைசியில். அப்போது அந்தப் பக்கம் முழுக்கக் காலி மனைகளும் முள்ளும்தான். அவர் விடியற்காலை நாலு மணிக்கே டூட்டிக்குக் கிளம்பிவிடுவார். மனைவி திரௌபதியும் பிறந்து சில மாதமே ஆன மகள் கவிநிலாவும் தனியாக இருக்க வேண்டும். ஒரு நாய் இருந்தால் தேவலை என்று கேட்டது திரௌபதிதான். பஸ் ஷெட்டில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. செம்பழுப்பு நிறத்தில், வாய் மட்டும் கரி பூசியது போல் இருந்த ஒன்றை அப்பாதுரை சட்டைக்குள் போட்டு எடுத்து வந்தார். கருவாயன் என்று பெயர் வைத்தார்கள்.

ஆறு மாதம் வரைக்கும் அதைப்போல ஒரு குட்டி கிடையாது. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும். தூளிக்குக் கீழே படுத்துக்கொள்ளும். குழந்தை சிணுங்கினால் அடுப்படிக்குப் போய் திரௌபதியின் புடவையைப் பிடித்து இழுக்கும். தெருவில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் அவள் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள்.

ஏழாம் மாதத்தில் அது வேறு நாயாகிவிட்டது. கூப்பிட்டால் நின்று திரும்பிப் பார்க்கும், பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போகும். அப்பாதுரையின் காக்கிச் சட்டையைக் கொடியிலிருந்து இழுத்துக் குதறியது. தூளிப் புடவையைக் கிழித்தது. போஸ்ட்மேன் சைக்கிளைத் துரத்தி அவரைச் சாய்த்தது. பக்கத்து மனைக்காரர் கோழியைக் கவ்விக்கொண்டு வந்து வாசலில் போட்டது. அடித்தால் ஓடியது, கட்டினால் நாளெல்லாம் குரைத்தது. சோறு வைத்துவிட்டு யாராவது அருகில் நின்றால் தொண்டைக்குள் உறுமத் தொடங்கியது. நாம்தான் வளர்க்கத் தெரியாமல் கெடுத்துவிட்டோம் என்று அப்பாதுரை நினைத்தார். நாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று திரௌபதி நினைத்தாள்.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள், தவழ்ந்து போன குழந்தை அதன் சோற்றுத் தட்டில் கை வைத்தது. கருவாயன் வெடுக்கென்று திரும்பியது. பல் படவில்லை. ஆனால் குழந்தை மிரண்டு பின்னால் விழுந்து, அம்மிக்கல்லில் தலை இடித்து, நெற்றிப் பொட்டில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் திரௌபதி சொன்னாள். "இத எங்கயாவது கொண்டு போய் விட்டுட்டு வாங்க."

"பாக்கலாம்," என்றார் அப்பாதுரை.

இரண்டு நாள் கழித்து மறுபடி சொன்னாள். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்க்காமல், அரிசி களைந்துகொண்டே சொன்னாள். 

மறுநாள் காலை அப்பாதுரை கோணிப்பைக்குள் ஒரு பொறை ரொட்டியைப் போட்டார். கருவாயன் வாலை ஆட்டிக்கொண்டு அதுவாகவே உள்ளே போயிற்று. பையின் வாயைக் கட்டினார். பன்னிரண்டு வருடம் கழித்தும் இதைச் சொல்லும்போது அவர் கை அந்தக் கயிற்றை முடிவது போலவே அசைந்ததை நான் பார்த்தேன்.

முதல் ட்ரிப் ஐந்தேகாலுக்கு. வண்டியில் அவரும் கண்டக்டர் திருமலையும் மட்டும்தான். ஏரிக்கரையில் ஆள் இல்லாததைப் பார்த்து நிறுத்தினார். திருமலை பையை இறக்கி அவிழ்த்துவிட்டார். கருவாயன் வெளியே வந்து உடம்பை உதறிக்கொண்டது. புளிய மரத்தை மோந்து பார்த்தது. புது இடம் பார்த்த சந்தோஷம் அதற்கு. வண்டி நகர்ந்ததும் விளையாட்டு என்று நினைத்துக் கூடவே ஓடி வந்தது. கண்ணாடியில் அது சின்னதாகிக்கொண்டே வந்து, பிறகு நடு ரோட்டில் நின்றுவிட்டது.

"விடுங்கண்ணே. நாய்தானே. எங்கயாவது பொழச்சுக்கும்," என்றார் திருமலை.

திரும்பி வரும் ட்ரிப்பில் அது அதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. ஸ்டாப்பிங்கில் இரண்டு பெண்கள் கை காட்டினார்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டும். டிரைவர் சீட்டில் இருப்பவரை அது கண்டுகொண்டது. ஓடி வந்து முன் சக்கரத்தில் காலை வைத்து எம்பியது. வால் வண்டித் தகரத்தில் பட்டு டப் டப் என்று சத்தம் கேட்டது. அப்பாதுரை நேரே பார்த்துக்கொண்டிருந்தார். திருமலை விசில் கொடுத்தார். வண்டி போய்விட்டது.

ஒரு நாளைக்கு நாலு ட்ரிப், எட்டு முறை அந்த மரத்தைக் கடக்க வேண்டும். முதல் நாள் எட்டு முறையும் அது இருந்தது. இரண்டாம் நாளும் இருந்தது. மூன்றாம் நாள் வண்டிக்குப் பின்னாலேயே சிறுபாலம் வரைக்கும் ஓடி வந்தது. நான்காம் நாள் ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தது. ஐந்தாம் நாள் இல்லை.

"இருந்த வரைக்கும் கஷ்டமா இருந்துச்சு டீச்சர். இல்லாம போனப்புறம்தான் பயம் வந்துச்சு," என்று அப்பாதுரை என்னிடம் சொன்னார்.

வீட்டில், ஒரு விவசாயி வீட்டில் விட்டுவிட்டதாகவும், நல்ல மனிதர்கள் என்றும் சொல்லியிருந்தார். திரௌபதி சரி என்று கேட்டுக்கொண்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் நாய் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் அப்பாதுரை ஒரு மாதம் வரைக்கும் வாசல் கேட்டைத் தாழ் போடாமல் விட்டுவிட்டுப் போனார். பதினோரு கிலோமீட்டர் ஒரு நாய்க்குத் தூரமே இல்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பைக்குள் கட்டிக் கொண்டுபோன நாய்க்கு வழி எப்படித் தெரியும் என்றும் அவருக்கே தோன்றியது.

ரோட்டில் போகிற ஒவ்வொரு நாயின் வாயையும் பார்க்க ஆரம்பித்தார். கறுத்த வாய் தெரிந்தால் கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்ப்பார். ஷெட்டில் வண்டியைக் கழுவும்போது தகரத்தில் ஏதாவது டப் டப் என்று பட்டால் கை நின்றுவிடும்.

தொண்ணூற்றாறில், கார்த்திகை தீபத்துக்குச் சில நாள் முன்பு, நான் கண்ணால் கண்டது ஒன்று உண்டு. தூறல் விழுந்துகொண்டிருந்த காலை. ஏரிக்கரை நெருங்கும்போது அப்பாதுரை திடீரென்று பிரேக்கை மிதித்தார். என் டிபன் பாக்ஸ் பறந்து போய் பானட்டில் விழுந்தது. பின்னால் நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"நாய் குறுக்க வந்துடுச்சு," என்றார்.

திருமலை இறங்கி வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். முதல் சீட்டில் இருந்த எனக்கு ரோடு முழுக்கத் தெரிந்தது. எந்த நாயும் வரவில்லை. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திருமலை ஏறி வந்து அவர் தோளில் கை வைத்து, "போயிடுச்சுண்ணே. ஓடிடுச்சு. வண்டிய எடுங்க," என்றார்.  இல்லாத நாய் எப்படி ஓடும் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அவர் ஏரிக்கரை டீக்கடையில் முதல் முறையாக இறங்கினாராம். ஆறு வருடத்தில் ஒரு நாளும் அங்கே டீ குடித்ததில்லை. கடை நடத்திய காசியம்மாளிடம், தொண்ணூறில் இந்த மரத்தடியில் ஒரு நாய் இருந்ததா என்று கேட்டார்.

"நான் வந்தே ரெண்டு வருசந்தான் ஆவுதுங்க. முன்னாடி கடை வச்சிருந்தவங்க பெங்களூர் போயிட்டாங்க," என்றாள் அவள். "உங்க நாயா?"

"இல்ல," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

முதலாளி ஒரு முறை வேறு ரூட் தருவதாகச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

இரண்டாயிரத்து ஒன்று டிசம்பரில், பன்னிரண்டு வயதான கவிநிலா பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு பெட்டைக் குட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் நிறம். பூந்தி என்று வழியிலேயே பெயரும் வைத்துவிட்டாள். அப்பாதுரை வேண்டாம் என்றார்.  திரௌபதி ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்தாள். குட்டி தங்கிவிட்டது. அவர் அதைத் தொடவில்லை. ஆனால் நாள் கணக்கு மட்டும் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மாதம். ஆறு மாதம்.

ஏழாம் மாதத்தில், அவர் நினைத்தது போலவே, எல்லாம் தொடங்கியது. கூப்பிட்டால் பூந்தி திரும்பிப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போனது. கவிநிலாவின் பள்ளிக்கூடச் செருப்பு, அறிவியல் நோட்டு, தலையணை எல்லாம் போயிற்று. சங்கிலியோடு இழுத்து அவளைக் கல்லில் தள்ளி முழங்கால் தோலை உரித்தது. சோற்றுத் தட்டில் உறுமியது. கவிநிலாவுக்கும் அது கோபம் வருகிற வயது. கதவை அறைந்து சாத்துவாள். "வீட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே வயசு," என்று திரௌபதி சிரித்தாள். அப்பாதுரைக்குச் சிரிப்பு வரவில்லை. கருவாயன்தான் திரும்பி வந்திருக்கிறது, விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது என்று அவருக்குத் தோன்றியது. பூந்தி தலையைச் சாய்த்துப் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூலையில் ஒரு நாள் காலை, கிழிந்த பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு கவிநிலா வந்து நின்றாள்.

"இத எங்கயாவது கொண்டு போய் விட்டுடுப்பா."

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அப்பாதுரை எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். பூந்தியைச் சங்கிலியில் பிடித்தார். கவிநிலா பயந்துபோய்ப் பின்னாலேயே வாசல் வரை வந்தாள். "எங்கப்பா?" என்றாள். அவர் கேட்டைத் திறந்துகொண்டு நடந்தார். போனது கால்நடை மருத்துவமனைக்கு.

அங்கே டாக்டர் சந்திரகலா பூந்தியின் பல்லைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார்.

"நோய் ஒண்ணும் இல்லங்க. வயசுதான். உடம்பு வளந்துடுச்சு, புத்தி இன்னும் வரல. ஒன்றரை வயசு வரைக்கும் இப்படித்தான் படுத்தும்."

"அப்புறம்?"

"அப்புறம் அடங்கிடும். காலையில நல்லா நடக்க வைங்க. கடிக்கறதுக்குத் தேங்கா மட்ட போடுங்க. அடிக்காதீங்க. தட்டுல வைக்காம கையில கொஞ்சம் கொஞ்சமா ஊட்டுங்க, கைய பாத்தா உறுமாது. பருவம் வர்ற நேரம், ஓடப் பாக்கும். அது முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணிடலாம்."

அப்பாதுரை நகரவில்லை. "எல்லா நாய்க்கும் இப்படித்தானா மேடம்?"

"எல்லாத்துக்கும்."

"முன்னாடியும் இப்படித்தானா? ஒரு பன்னண்டு வருசத்துக்கு முன்னாடி?"

டாக்டர் சிரித்துவிட்டார். "நாய் எப்பவும் நாய்தாங்க."

வெளியே வந்து வேப்ப மரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பூந்தி சங்கிலியைக் கடித்துக்கொண்டிருந்தது. பத்து மாதம், கூடிப்போனால் ஒரு வருடம். அவ்வளவுதான் பொறுத்திருக்க வேண்டியது. இத்தனை வருடமும், அந்த நாய் கெட்டுப்போன நாய், வேறு வழி இருக்கவில்லை என்று ஒரு பிடி அவருக்கு இருந்தது. அன்று அதுவும் போயிற்று.

மறுநாளிலிருந்து டூட்டிக்கு முன்னால் அரை மணி நேரம் பூந்தியை நடத்திக்கொண்டு போனார். அவர் கையில் உருண்டை பிடித்துக் காட்ட, கவிநிலாவும் ஊட்டப் பழகினாள். மூன்று வாரம் போயிற்று. பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஆகஸ்டில் பௌர்ணமி அன்று, மத்தியானம், பூந்தி கழுத்துப் பட்டையை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

அப்பாதுரை ட்ரிப்பைத் திருமலையிடம் சொல்லி வேறு டிரைவருக்கு மாற்றிவிட்டு வந்தார். கவிநிலா அழுது முகம் வீங்கி நின்றாள். "நான் சொன்னதாலதான் போயிடுச்சு," என்றாள். அவளையும் கூட்டிக்கொண்டு கிரிவலப் பாதைக்குப் போனார்; பௌர்ணமி அன்னதானத்துக்கு ஊர் நாய்கள் எல்லாம் அங்கேதான் சேரும். வெயில் தாழ்வதற்குள்ளேயே கூட்டம் கிளம்பிவிட்டிருந்தது. இரண்டு பேரும் கூட்டத்துக்கு எதிராக, மலையை வலது கைப்பக்கம் விடாமல் இடது கைப்பக்கம் விட்டு நடந்தார்கள். "இப்படிச் சுத்தக் கூடாதுங்க," என்று ஒரு அம்மா நிறுத்திச் சொன்னார். "நாய் தேடறோம்மா. எதுக்க வந்தாதான் மூஞ்சி தெரியும்," என்றார் அப்பாதுரை.

ஆறு கிலோமீட்டர் போல நடந்திருப்பார்கள். அன்னதானம் நடந்த ஒரு பந்தலுக்குப் பின்னால், எச்சில் இலைக் குவியலில் ஐந்தாறு நாய்களோடு பூந்தி நின்றது. கவிநிலா பெயர் சொல்லிக் கத்தினாள். பூந்தி நிமிர்ந்து பார்த்தது. இரண்டடி பின்னால் போனது. துரத்தினால் கூட்டத்துக்குள் ஓடிவிடும். அப்பாதுரை மகளைப் பிடித்து நிறுத்தினார். ரோட்டோரம் மண்ணில் உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

"வா," என்றார். "வாடா கருவாயா. வா."

தான் சொன்னது அவருக்கே அப்புறம்தான் கேட்டது. அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

"யாருப்பா கருவாயன்?"

அவர் நாயைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். குழந்தையாக இருந்த அவள் விழுந்தது, கோணிப்பை, பொறை, புளிய மரம், நாலு நாள். எதையும் விடவில்லை. மேளத்தோடு ஒரு கூட்டம் அவர்களைக் கடந்து போயிற்று.

"நீ நிறுத்தலயா?"

"நிறுத்தல. பஸ்ல ஆளுங்க இருந்தாங்க."

"ஆளுங்க இருந்தா என்னப்பா?"

 கவிநிலா அவரை விட்டு ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். இருட்டத் தொடங்கியது. மற்ற நாய்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. கடைசியில் பூந்தி பக்கவாட்டாக, வேண்டாத விருந்தாளி போல நடந்து வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியில் படுத்தது. அப்பாதுரை துண்டை அதன் கழுத்தில் சுற்றினார்.

கவிநிலா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் காலையில் அவர் எழுவதற்கு முன்பே எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பாள். மூன்று பேரும் பேச்சில்லாமல் நடந்துவிட்டு வருவார்கள். எட்டாம் நாள், "சங்கிலிய லூசா பிடிப்பா, இழுத்தா அதுவும் இழுக்குது," என்றாள். அது முதல் பேசினாள்.

அந்த வருடம் முழுக்கப் பாடுதான். பூந்தி ஆபரேஷனுக்குப் பிறகும் கதவு நிலையைக் கடித்துக் குதறியது. திருமலை சாப்பிட வந்த அன்று அவர் பேன்ட்டைக் கிழித்தது. ஒரு நாள் சரியாக இருக்கும், மறுநாள் எல்லாம் மறந்துவிடும். அப்பாதுரை ஒரு முறைகூடக் கை ஓங்கவில்லை. அடுத்த மே மாதம், திறந்த கேட்டுக்கு முன்னால் பூந்தி ஓடாமல் நின்று, போகலாமா என்பது போல அவர் முகத்தைப் பார்த்தது. அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் என்னிடமும் முதல் முறையாக இதையெல்லாம் சொன்னார்.

இரண்டாயிரத்து ஏழில் அவருக்குக் கண் பார்வை மங்கி வேலையை விட்டார். கவிநிலா கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் பார்க்கப் போயிருந்த ஒரு சாயங்காலம், திரௌபதி பூந்திக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் பேசாத விஷயத்தை, தட்டைப் பார்த்தபடி, அவளாக எடுத்தாள்.

"டீச்சர், இவரு விவசாயி வூட்ல விட்டதா சொன்னாரு. நான் நம்பல. நாலாம் நாளு திருமலை சம்சாரம் வந்து உண்மைய சொல்லிடுச்சு. மறுநா காலையில கொழந்தைய இடுப்புல வச்சுக்கினு வேற பஸ் புடிச்சு ஏரிக்கரையில போய் எறங்கனேன், கூட்டியாந்துடலாம்னு."

அப்பாதுரை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"மத்தியானம் வரைக்கும் பேர் சொல்லிக் கூப்டுக்கினே இருந்தேன். வரல. மரத்தடியில பள்ளமா, படுத்துப் படுத்து மண்ணு குழிஞ்சு கெடந்துச்சு. அவ்ளோதான்."

"என்கிட்ட சொல்லவே இல்லயே," என்றார் அவர்.

"நீங்களே ஜாஸ்தி பேசாத ஆளு. இதையும் சொல்லி என்ன ஆவப்போகுது."

"என் வண்டி போச்சே. அன்னைக்கு நான் உன்ன பாக்கலயே."

"நான் மரத்துக்குப் பின்னால போய் நின்னுக்கினேன். உங்க மூஞ்சிய பாக்க முடியல."

  பூந்தி தட்டை நக்கி முடித்துவிட்டு வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து உட்கார்ந்தது. கவிநிலாவின் பஸ் வரும் நேரம் அது. திரௌபதி கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தாள்.